நாலு இருபது எண்பது!

'உங்கள் துறையைப் பற்றி எழுதி அனுப்புங்கள்' என்று மலர்க் குழுவினர் கேட்டிருந்தார்கள். பம்ப், வால்வு என்று எழுத ஆரம்பித்தால் மெக்கானிக்கல் நண்பர்களைத் தவிர மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஆகவே முப்பத்தைந்தாம் வயதில் நான் கற்கத் தொடங்கிய பிரெஞ்சு மொழியைப் பற்றியும், அதைக் கற்றுத்தந்த கல்லூரி முறையைப் பற்றியும் எழுதுகிறேன். இரண்டுக்கும் சுவையான வரலாறு உண்டு.

ஆறு பேரோடு தொடங்கிய கல்லூரி

நான் வேலை பார்ப்பது அமெரிக்காவில், கலிபோர்னியாவில். இங்கே 'கம்யூனிட்டி காலேஜ்' என்று ஒன்று உண்டு. சமுதாயக் கல்லூரி எனலாம். 1901ல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே ஆறு மாணவர்களோடு இதன் முதல் விதை விழுந்தது. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெயினி ஹார்ப்பரும், ஜோலியட் பள்ளியின் ஸ்டான்லி பிரவுனும் போட்ட திட்டம் அது. பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருஷத்தைப் பிள்ளைகள் சொந்த ஊரிலேயே முடிக்கட்டும் என்பதுதான் யோசனை.

இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த வீரர்கள் படிக்க 1944ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. 1947ல் ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த கல்விக் குழு 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற பெயரை நாடெங்கும் பரப்பியது. கலிபோர்னியா 1960ல் ஒரு பெருந்திட்டம் போட்டு, படித்துப் பயன்பெறக் கூடிய எவருக்கும் இந்தக் கல்லூரிகளின் கதவைத் திறந்து வைத்தது. உள்ளூர்க்காரர்களுக்கு 1984 வரை பதிவுக் கட்டணமே கிடையாது. 2012 முதல் யூனிட்டுக்கு 46 டாலர். என் பிரெஞ்சு வகுப்பு ஐந்து யூனிட், ஆக 230 டாலர். நுழைவுத் தேர்வு இல்லை, சிபாரிசு இல்லை. வயசு என்ன என்று கேட்பாரும் இல்லை.

எங்கள் கம்பெனிக்குப் பிரான்சிலிருந்து வரும் வரைபடங்களின் ஓரக் குறிப்புகளைப் படிக்க வேண்டும் என்றுதான் சேர்ந்தேன். பக்கத்து பெஞ்சில் ரிட்டயர் ஆன தபால்காரர், முன்னால் சமையல் கலை பயிலும் பெண், பின்னால் பத்தொன்பது வயசுப் பையன்கள். ஆசிரியர் ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டவர்.

எண்ணிலே ஒளிந்த சரித்திரம்

பிரெஞ்சில் அறுபது வரை எண்ணுவது சுலபம். எழுபதில் இடி விழும். எழுபது என்பது 'அறுபது-பத்து'. எண்பது 'நாலு இருபது'. தொண்ணூற்றொன்பதோ 'நாலு இருபது பத்து ஒன்பது'! இருபது இருபதாக எண்ணிய பழைய வழக்கத்தின் மிச்சம் இது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி மன்னர் பார்வையற்ற முன்னூறு பேருக்காக பாரிசில் ஓர் இல்லம் கட்டினார். அதன் பெயர் 'பதினைந்து இருபது'. இன்றும் அந்தப் பெயரிலேயே கண் மருத்துவமனையாக நடக்கிறது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நேரான சொல்லையே வைத்திருக்கிறார்கள். நாம் சிரிக்க வேண்டாம். எண்பதுக்கு அடுத்து 'நூறு' ஒட்டிய தொண்ணூறு நம்மிடம் மட்டும் எப்படி வந்ததாம்?

இன்ஜினியர்களுக்கு இன்னொரு செய்தி. 1955ல் ஐ.பி.எம். கம்பெனியின் பிரெஞ்சுக் கிளை, கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சில் பெயர் கேட்டு ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியரை அணுகியது. அவர் தந்த சொல் 'ஒர்தினாத்தர்', ஒழுங்குபடுத்துவது என்ற பொருளில். அது நிலைத்துவிட்டது. நாம் 'கணினி' என்று சொல்லத் தயங்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பேராசிரியர் நினைவுதான் வரும்.

கழுத்தில் தொங்கிய அடையாளம்

இந்த மொழியும் எல்லார் வீட்டிலும் பிறந்ததல்ல. 1539ல் மன்னர் முதலாம் பிரான்சுவா, சட்ட ஆவணங்கள் பிரெஞ்சிலேயே எழுதப்பட வேண்டும் என்றார். 1635ல் பிரெஞ்சு அகாதமி அமைந்தது. ஆனாலும் புரட்சிக் காலத்தில், 1794ல், கிரெகுவார் பாதிரியார் தந்த அறிக்கையின்படி நாட்டில் சுமார் அறுபது லட்சம் பேருக்குப் பிரெஞ்சே தெரியாது. பிரெத்தோன், ஒக்ஸித்தான், பாஸ்க் என்று அவரவர் தாய்மொழிதான் பேசினார்கள். 1881-82ல் ழூல் ஃபெர்ரி கொண்டுவந்த சட்டங்கள் ஆரம்பக் கல்வியை இலவசமாக்கின, கட்டாயமாக்கின. நல்ல காரியம்தான். ஆனால் பல பள்ளிகளில் பிரெத்தோன் பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரக்கட்டையையோ பழைய செருப்பையோ மாட்டினார்கள். அதே மொழியில் பேசும் இன்னொரு குழந்தை அகப்படும்வரை அது இறங்காது. 1951ல்தான் ஒரு சட்டம் சில வட்டார மொழிகளைப் பள்ளிக்குள் அனுமதித்தது.

இதைச் சொல்லிவிட்டு எங்கள் ஆசிரியர், "என் அப்பா செனகலில் படித்த பள்ளியிலும் இது இருந்தது" என்றார். வகுப்பே அமைதியாகிவிட்டது. தமிழில் பேசினால் அபராதம் வாங்கிய பள்ளிகளை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கூச்சத்தோடுதான் தமிழ் மீடியம் பிள்ளைகள் இன்றும் நம் கல்லூரி வாசலை மிதிக்கிறார்கள். வாய் திறந்தால் சிரிப்பார்களோ என்று கடைசி பெஞ்சைத் தேடுகிறார்கள்.

மாலை வகுப்பில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்: அங்கே எல்லாரும் தப்பாகப் பேசினோம், யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. பயம் போனால் மொழி தானாக வருகிறது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

1990களில் புதுச்சேரியிலும் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கின. நாம் அவ்வளவு பெரிதாக எண்ண வேண்டாம். மாலையில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறைகளில் இரண்டைத் திறந்துவிட்டால் போதும். முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம், விரும்புவோருக்குப் பிரெஞ்சோ ஜெர்மனோ ஜப்பானியமோ. கேன்டீன் ஊழியர் வந்து உட்கார்ந்தாலும் இடம் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு வருஷப் புத்தகச் செலவை என் பங்காக ஏற்றுக்கொள்கிறேன். ஜோலியட்டில் ஆறு பேரோடுதான் ஆரம்பித்தார்கள். நம் கல்லூரியில் ஆறு பேர் கிடைக்க மாட்டார்களா, என்ன?