மேளமும் பாங்கும்

மதச்சார்பின்மை என்ற சொல்லை அரசியலமைப்பு நூல்களில் தேடுவதே நமது வழக்கம். நாவலப்பிட்டியில் வளர்ந்த எனக்கு அது முதலில் காதுக்குரிய விடயம். கோவில் மணி, பள்ளிவாசல் பாங்கு, விகாரையின் பிரித், மாதா கோவில் மணி எல்லாம் ஒரே கடைத்தெருவில் கேட்கும் ஊர் அது. யாருடைய ஒலி, எங்கே, எப்போது என்பதை அரசு தீர்மானிக்கப் புகுந்தால் என்ன நேரும் என்பதற்கு இரண்டு வரலாறுகளைச் சொல்லலாம்.

முதலாவது எங்கள் அயலூரான கம்பளையினுடையது. அங்குள்ள வல்லஹாகொட தேவாலேயின் பெரஹரா, அம்பகமுவ வீதியில் கரையோரச் சோனகர் கட்டிய பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்த வேண்டும் என்று 1912இல் அதிகாரிகள் நிபந்தனை விதித்தனர். பஸ்நாயக்க நிலமே வழக்குத் தொடுத்தார். 1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு பௌத்தத்துக்கு அளித்த உறுதிமொழியே அவரது ஆதாரம். 1914இல் கண்டி மாவட்ட நீதிபதி போல் பீரிஸ் தேவாலேக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அதே ஆண்டு மே 28ஆம் திகதி, வெசாக் இரவில், கண்டியில் கலவரம் மூண்டு பல மாகாணங்களுக்கும் பரவியது. ஜூன் 2இல் இராணுவச் சட்டம் வந்தது. வணிகப் போட்டி, விலைவாசி எனக் காரணங்கள் வேறும் இருந்தன. ஆயினும் பகைமைக்கு ஒரு முகம் கொடுத்தது அந்த மேள வழக்கே.

இரண்டாவது துருக்கியினுடையது. 1928இல் அரச மதம் என்ற வாசகம் அங்கே அரசியலமைப்பிலிருந்து நீக்கப்பட்டது. 1937இல் மதச்சார்பின்மை அதில் எழுதப்பட்டது. ஆனால் 1924இல் நிறுவப்பட்ட மத விவகாரத் தலைமையகம் இன்றும் இமாம்களுக்குச் சம்பளம் வழங்குகிறது. அரசு மதத்தை விட்டு விலகவில்லை. அதைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. 1932 முதல் பாங்கு துருக்கி மொழியில் ஒலித்தது. 1941இல் அரபு மொழிப் பாங்கு தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1950இல் மென்டெரஸ் அரசு செய்த முதற் காரியங்களுள் ஒன்று அத்தடையை நீக்கியது. மக்கள் பதினெட்டு ஆண்டுகளாக மறக்காத ஒன்றை வாக்குச் சீட்டு மீட்டுக் கொடுத்தது.

இலங்கைக்குத் திரும்புவோம். 1978 அரசியலமைப்பின் ஒன்பதாம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளிக்கிறது. ஆனால் 2007இல், வெலிகமவில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில், இலங்கை மதச்சார்பற்ற அரசு என்று உயர் நீதிமன்றம் கூறியது. இரவு நேர ஒலிபெருக்கிக் கட்டுப்பாட்டை எல்லா மதத்தவருக்கும் பொதுவாக விதித்தது. ஒலியின் மதத்தைப் பாராமல் அதன் அளவையும் நேரத்தையும் மட்டும் பார்த்த தீர்ப்பு அது. கம்பளை மேளத்துக்கு அத்தகைய அளவுகோல் கிடைக்கவில்லை. அங்கே ஒரு மதம் வென்றதாகவும் மற்றொன்று தோற்றதாகவும் பேச இடம் உண்டாயிற்று.

சட்டம் அவசியம்தான். அது எல்லோர் காதுக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. ஏனெனில் வழக்கில் வென்றவரும் தோற்றவரும் மறுநாள் காலை ஒரே சந்தையில்தான் காய்கறி வாங்கியாக வேண்டும்.