சாரணர் திவாலும் ஊர்த் தொண்டர்களும்

1910-ல் தோன்றிய அமெரிக்கச் சிறுவர் சாரணர் இயக்கத்தைத் தாங்கியவர்கள் சம்பளம் வாங்காத ஊர்த் தொண்டர்கள். அவர்களுக்குள் ஒளிந்த சில கயவர்கள் சிறுவர்களைச் சீரழித்தனர். தலைமையோ அவர்கள் பெயர்களை இரகசியக் கோப்புகளில் பூட்டி வைத்தது. 2012-ல் ஒரு பகுதி நீதிமன்ற உத்தரவால் வெளிவந்தது.

வழக்குகள் குவிய, 2020 பிப்ரவரியில் இயக்கம் திவால் மனு கொடுத்தது. 82,000-க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கேட்டனர்.

திவாலானது தலைமை மட்டுமே. சுமார் 250 வட்டாரக் கிளைகள் சட்டப்படி தனி அமைப்புகள். ஆனாலும் தங்கள்மீது வழக்கு வராதிருக்க, 246 கோடி டாலர் இழப்பீட்டு நிதிக்கு 51 கோடிக்கு மேல் தர ஒப்பின. அதற்காகப் பல கிளைகள் முகாம் நிலங்களை விற்றன.

குற்றமற்ற தொண்டர்களும் தாங்கள் உழைத்து வளர்த்த முகாம்களை இழந்தது வேதனைதான். ஆனால் நிலத்தை விற்கவைத்தது இழப்பீடு கேட்டவர்கள் அல்ல. கோப்பைப் பூட்டிய கைகளே!