கடலில் இருந்து மேலே வந்ததும் தலை சுற்றுகிறதா? டைவர்களின் உள்காதில் நடப்பது என்ன?

கடலுக்கு அடியில் வேலை முடித்து மேலே வந்த சிறிது நேரத்தில் தலை சுற்றல், வாந்தி, காதில் இரைச்சல். 'வெயில்ல நின்னதால இருக்கும்' என்று விட்டுவிட்டு மறுநாளும் தண்ணீரில் இறங்குபவர்கள் உண்டு. ஆனால் கோளாறு உள்காதில் இருக்கலாம். தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்கள் முதல் கப்பலின் அடிப்பகுதியில் வேலை பார்க்கும் டைவர்கள் வரை யாருக்கும் இது வரலாம்.

காதுக்கும் பேலன்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

உள்காதில் நத்தை ஓடு போல இருக்கும் காக்ளியா ஒலியை உணர்கிறது. அதை ஒட்டியுள்ள 3 அரைவட்டக் குழாய்கள் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மூளைக்குச் சொல்கின்றன. அதனால் உள்காது பாதித்தால் காது கேட்பது, பேலன்ஸ் இரண்டுமே போகலாம்.

இறங்கும்போது என்ன ஆகிறது?

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2 மடங்காகிறது. நடுக்காதில் உள்ள காற்று சுருங்குகிறது. சளி பிடித்திருந்தால், தொண்டையில் இருந்து காதுக்குக் காற்று போகும் குழாய் சரியாகத் திறக்காது. அப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக முக்கினால், உள்காதை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்து திரவம் கசியலாம்.

மேலே வரும்போது?

ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது உடலில் நைட்ரஜன் கரைகிறது. வேகமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்தது போல அது குமிழ்களாகிறது. உள்காதில் குமிழ் உண்டானால் கடுமையான தலை சுற்றல் வரும்.

எப்போது ஆரம்பித்தது என்பது ஏன் முக்கியம்?

இரண்டுக்கும் அறிகுறி கிட்டத்தட்ட ஒன்றுதான், சிகிச்சை வேறு. குமிழ் என்றால் ஆக்சிஜனும் அழுத்த அறை சிகிச்சையும் உடனே தேவை. சவ்வு கிழிந்திருந்தால் அதே அழுத்தம் பாதிப்பைக் கூட்டலாம். எனவே இறங்கும்போதா, மேலே வந்த பிறகா, எவ்வளவு ஆழம், எத்தனை முறை இறங்கினார் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

'தானா சரியாயிடுச்சு' என்றால்?

சில வாரங்களில் மூளை கண்ணின் உதவியோடு சமாளிக்கப் பழகிவிடும். உள்காது குணமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. கலங்கிய நீரில் கண் உதவாதபோது, மேல் எது கீழ் எது என்றே தெரியாமல் போகலாம். அது உயிருக்கே ஆபத்து.

கவனிக்க வேண்டியவை:

• சளி இருக்கும்போது இறங்கக் கூடாது.
• காது வலிக்கும் முன்பே மெதுவாக அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். முடியாவிட்டால் சற்று மேலே வர வேண்டும்.
• தலை சுற்றலோ திடீர் காது அடைப்போ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
• டாக்டர் பரிசோதித்துச் சொல்லும் வரை மீண்டும் கடலில் இறங்கக் கூடாது.