மலேரியா கிருமி உடம்பில் இருந்தும் காய்ச்சல் வராதது ஏன்?

மலேரியா அதிகம் பரவும் ஓர் ஆப்பிரிக்கக் கிராமம். அங்குள்ள பெரியவர் ஒருவரின் ரத்தத்தில் கிருமி இருக்கலாம். ஆனால் அவர் எப்போதும்போல வேலைக்குப் போய்வருவார். அதே கிருமி ஒரு சின்னப் பிள்ளையின் உயிரையே பறித்துவிடலாம்.

என்ன வித்தியாசம்?

சிறு வயதிலிருந்தே திரும்பத் திரும்ப மலேரியா வந்துபோனதால், பெரியவரின் ரத்தத்தில் ஆன்டிபாடி எனும் எதிர்ப்பொருள்கள் சேர்ந்திருக்கும்.

அது எப்படித் தெரியும்?

1961இல் சிட்னி கோஹன், இயன் மெக்ரிகர் ஆகியோரின் ஆய்வு வெளியானது. பெரியவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள்களை, காம்பியாவில் மலேரியா கண்ட பிள்ளைகளுக்கு ஊசிமூலம் செலுத்தினார்கள். சில நாள்களில் கிருமிகள் வெகுவாகக் குறைந்தன.

ஒருமுறை வந்தால் போதாதா?

போதாது. கிருமி தன் மேற்புரதங்களை மாற்றிக்கொண்டே இருக்கும், சட்டை மாற்றி மாற்றி வரும் திருடன் மாதிரி. ஒவ்வொன்றையும் அடையாளம் காண உடலுக்குப் பல ஆண்டு பிடிக்கும். அதுவரை பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து. 2023இல் மலேரியாவால் சுமார் 597,000 பேர் மாண்டதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

அந்த எதிர்ப்பாற்றல் நிலைக்குமா?

நிலைக்காது. ஐரோப்பாவில் குடியேறிய ஆப்பிரிக்கர்களுக்கு அது நாளடைவில் குறைந்துவிடும். “நமக்குப் பழகிப்போச்சு” என்று மாத்திரை எடுக்காமல் சொந்த ஊருக்குப் போகிறவர்கள் நோயோடு திரும்புவதுண்டு.

சிங்கப்பூரில் வளர்ந்த உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு தொடக்கத்திலிருந்தே இல்லை. மலேரியா உள்ள நாட்டுக்குப் போகிறீர்களா? புறப்படுமுன் மருத்துவரைப் பாருங்கள்.