தளபதி அறியாத விதிகள்

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 கணினி விளையாட்டைத் திறந்ததும் 1444 நவம்பர் 11 என்ற தேதியும் ஐரோப்பா முழுக்கச் சிதறிய குட்டி அரசுகளும் முன்னால் வந்து நிற்கும். எதைத் தொடுவது என்று திணறும் புதியவர்களுக்கு நான் முதலில் பிரஷ்யாவின் கதையைத்தான் சொல்வேன்.

அங்கே ராணுவ அதிகாரிகளுக்கென்றே ஒரு போர் விளையாட்டு இருந்தது: கிரீக்ஸ்பீல். ரைஸ்விட்ஸ் என்ற இளம் பீரங்கிப்படை அதிகாரி, தன் தந்தை 1812-இல் அரசருக்கு அளித்த விளையாட்டைத் திருத்தி, 1824-இல் விதிநூலாக வெளியிட்டார். 1:8000 அளவில் வரைபடம், சிவப்பும் நீலமுமாகப் படைக்கட்டைகள், பகடை. ஒரு சுற்று என்பது போர்க்களத்தின் 2 நிமிடம். சேதக் கணக்கு அட்டவணைகளைப் பார்த்தாலே தலை சுற்றும். ஆனால் விளையாடுபவர் அவற்றைத் தொடவே வேண்டாம்! ‘குதிரைப்படை பாலத்தைக் கடந்து மேட்டைப் பிடிக்கட்டும்’ என்று, களத்தில் எழுதுவது போலவே தாளில் எழுதி நடுவரிடம் கொடுத்தால் போதும். பகடை உருட்டுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அவர் பாடு. எதிரிப்படை கண்ணுக்கு எட்டினால்தான் அதன் கட்டை வரைபடத்தில் ஏறும். எவ்வளவு அருமையான ஏற்பாடு!

படைத்தலைமை அதிகாரி மியூஃப்லிங் இதைப் பார்த்து வியந்து, படை முழுவதற்கும் பரிந்துரைத்தார். 1876-இல் வெர்டி டு வெர்னுவா அட்டவணைகளையே ஓரங்கட்டி, நடுவரின் அனுபவமே போதும் என்றார்.

இன்று அந்த நடுவர் வேலையைக் கணினி பார்க்கிறது. எனவே எல்லா விதிகளையும் கற்கக் காத்திராமல் கட்டளையிடத் தொடங்கலாம். முதல் ஆட்டத்துக்குப் போர்ச்சுகலை எடுத்துக்கொள்ளுங்கள். ஐபீரியாவில் அதற்கு ஒரே அண்டை நாடு காஸ்டீல். அதோடு நட்பைக் காப்பாற்றிக்கொண்டு கடல்பக்கம் பாருங்கள். வட ஆப்பிரிக்கக் கரையில் போர்ச்சுகல் 1415-இல் பிடித்த செயூட்டா ஏற்கெனவே உங்கள் கையில்தான் இருக்கிறது.