மல்லெய்ன் சோதனை

மல்லெய்ன் சோதனை என்பது குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகியவற்றின் மூச்சுமண்டலத்தைத் தாக்கும் கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோயைக் கண்டறியும் முறை ஆகும். பர்க்கோல்டேரியா மல்லெய் என்ற பாக்டீரியாவால் உண்டாகும் இந்நோய் மனிதருக்கும் தொற்றும். உருசியப் பேரரசில் மல்லெய்னை உருவாக்கியோருள் ஒருவரான கால்னிங், 1891-இல் இந்நோய் தொற்றியே இறந்தார்.

மூக்கில் சீழ் ஒழுகுதலும் உட்புறப் புண்களும் இதன் அறிகுறிகள். எனினும் நாட்பட்ட நோயுள்ள குதிரை நலமாகத் தோன்றியபடியே நோயைப் பரப்பக்கூடும். ஓசூர் அருகே மத்திகிரியில் 1824-இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குக் குதிரை வளர்க்க அமைக்கப்பட்டது போன்ற பெரும் பண்ணைகளுக்கு இதுவே பேரிடர்.

இச்சோதனையில், கொல்லப்பட்ட பாக்டீரியாவிலிருந்து பெறப்படும் மல்லெய்ன் 0.1 மில்லிலிட்டர் அளவு கீழிமையில் ஊசி மூலம் செலுத்தப்படும். 24, 48 மணி நேரங்களில் இமை பார்க்கப்படும். இமை நன்கு வீங்கிக் கண்ணில் சீழ் வடிந்தால் நோய் உண்டு. மல்லெய்ன் செலுத்தியபின் எடுக்கும் குருதி, நோயற்ற குதிரையையும் நோயுள்ளதாகக் காட்டக்கூடும். எனவே குருதியை முன்னரே எடுத்துவிட வேண்டும். நோய் உறுதியானால் குதிரை கொல்லப்படும் என்பதால் இவ்வரிசை முக்கியமானது.

இந்தியாவில் 2006-இல் இந்நோய் மீண்டும் தலைதூக்கியது. இப்போது ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் குருதிச் சோதனைகளையே பெரிதும் பயன்படுத்துகிறது.