அயர்லாந்தின் நிலக்கூறுகளும் குடிவழி ஆராய்ச்சியும்

தம் முன்னோரைத் தேடப் புகுவார் 'யார்?' என்று தொடங்குவது இயல்பு. அயர்லாந்தைப் பொறுத்தவரை 'எங்கே?' என்பதே முதற்கேள்வி. 1845-இல் மூண்ட உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். ஏறக்குறைய அத்துணை பேர் கடல் கடந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களிடம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு குடும்பப் பெயரும் ஒரு கவுண்டியின் பெயருமே. மர்பி என்னும் பெயருடையோர் மலிந்த அந்நாட்டில், 'கார்க் கவுண்டி மர்பி' என்பதைக் கொண்டு எவரையும் கண்டறிதல் அரிது.

குடிக்கணக்கைப் புரட்டிப் பார்க்கலாகாதோ எனின், அவ்வழியும் அடைபட்டுள்ளது. 1922 ஜூன் 30-இல், உள்நாட்டுப் போரிடையே, டப்ளின் ஆவணக்களரி எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான குடிக்கணக்கேடுகள் பெரும்பாலும் சாம்பலாயின. 1861 முதல் 1891 வரையிலானவற்றையோ அரசே முன்னர் அழித்துவிட்டது! முழுமையாகக் கிடைப்பவை 1901, 1911 ஆகிய ஆண்டுகளின் ஏடுகளே. அவற்றிற்கு முற்பட்ட தலைமுறைகளை நில ஆவணங்களில் தேடவேண்டும். மக்களைக் காட்டிலும் வரியையே ஆட்சியாளர் கருத்தாகப் பேணினர் போலும்.

நாட்டின் மாகாணங்கள் 4; கவுண்டிகள் 32. அவற்றின்கீழ் முந்நூற்றுக்கு மேற்பட்ட பாரனிகளும், ஏறத்தாழ 2,500 குடிமைப் பங்குகளும் உள்ளன. இப்பங்குகள் அரசுத் திருச்சபையின் பழைய எல்லைகளைத் தழுவியவை. கத்தோலிக்கப் பங்குகளின் எல்லைகள் வேறு. ஆகவே ஒரே குடும்பத்தின் நிலம் ஒரு பங்கின் பெயரிலும் திருமுழுக்கு வேறொரு பங்கின் பெயரிலும் பதிவாகியிருத்தல் கூடும்.

இவை அனைத்திற்கும் அடியில் உள்ளது டவுன்லாந்து. பெயரில் 'டவுன்' இருப்பினும் நகரத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. கிராமம் என்று பெயர்ப்பதும் பொருந்தாது. சில வீடுகளும் அவற்றைச் சூழ்ந்த வயலும் புல்வெளியும் கொண்ட நிலக்கூறு அது. அத்தகையன 60,000-க்கு மேல் உள்ளன. ஓர் ஏக்கருக்கும் குறைந்தன உண்டு. 7,000 ஏக்கரைக் கடந்ததும் உண்டு. இவ்வேறுபாடு குழப்பமன்று. பண்டை ஐரிஷ் மக்கள் நிலத்தைப் பரப்பால் மட்டும் அளந்திலர். எத்தனை மாடுகள் மேயும், எவ்வளவு உழலாம் என்று பயனால் மதித்தனர். வளமிக்க மண்ணில் கூறு சிறுத்தது. சதுப்பிலும் மலையிலும் விரிந்தது.

1824-இல் தாமஸ் கோல்பியின் தலைமையில் தொடங்கிய நில அளவை இவ்வெல்லைகளை ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற வீதத்தில் வரைந்தது. நம் நாட்டிற்கும் இதில் ஒரு தொடர்புண்டு. விடுப்பிற் சென்றிருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் அவ்வளவையை நேரிற் கண்டு, கோல்பி வகுத்த, வெப்பத்தால் நீளம் மாறாத அளவுகோல்களை இந்தியாவிற்குக் கொணர்ந்து கல்கத்தாவில் பயன்படுத்தினார். அயர்லாந்தில் ஊர்ப்பெயர்களை ஆராய்ந்த ஜான் ஓ'டோனவன் ஐரிஷ் வடிவங்களைத் திரட்டினார். படத்தில் ஏறியதோ ஆங்கில எழுத்துக்கூட்டல். அதனால் 'கில்மோர்' என்னும் பெயர் பெருங்கோயிலையும் குறிக்கலாம், பெருங்காட்டையும் குறிக்கலாம். அப்பெயருடைய இடங்களும் பல.

அப்படங்களின்மீது எழுந்ததே ரிச்சர்ட் கிரிஃபித்தின் மதிப்பீடு. 1847 முதல் 1864 வரை வெளிவந்த அதில், டவுன்லாந்து வாரியாக, நிலத்தை அனுபவித்தவர், குத்தகைக்கு விட்டவர், பரப்பு, மதிப்பு ஆகியவை காணப்படுகின்றன. பஞ்சத்தில் மறைந்தவரை இதில் தேடிப் பயனில்லை. அவர்க்கு 1820, 30-களின் தசமபாக ஏடுகளே துணை. அவையும் விளைநிலம் உடையாரையே குறித்தன. நிலமற்ற கூலியாள் இரண்டிலும் இடம்பெறாது போதல் உண்டு.

இன்னொரு சிக்கலும் உளது. 1838-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சந்தை நகரங்களைச் சுற்றி வகுக்கப்பட்ட வறியோர் நிவாரண ஒன்றியங்கள் கவுண்டி எல்லைகளைப் பொருட்படுத்தவில்லை. 1864 முதல் பிறப்பும் இறப்பும் அவ்வொன்றியங்களின் வழியே பதிவாயின. அண்டைக் கவுண்டியின் நகர்ப்பெயரைக் கண்டு, 'இவர் நம்மவர் அல்லர்' என ஏட்டை மூடுதல் கூடாது. 1861-இல் வெளியான டவுன்லாந்து அகரவரிசை, ஒவ்வொரு கூறும் எந்தக் கவுண்டி, பாரனி, பங்கு, ஒன்றியத்தைச் சார்ந்தது எனக் காட்டிவிடும்.

1970-களில் வட அயர்லாந்தின் அஞ்சல் துறை சாலைப் பெயரும் வீட்டு எண்ணுமே போதும் என்று டவுன்லாந்துப் பெயர்களை ஒதுக்கியது. பலவிடங்களில் மக்கள் எதிர்த்தனர். ஃபெர்மனா கவுண்டியில் மட்டும் அப்பெயர்கள் முகவரியினின்று நீங்காது நின்றன.